மடிக்கணனிக்கு எவ்வளவு மின்சாரம் போதும்?

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாவித்த மடிக்கணனிகளை அன்பளிப்பாகக் கொடுப்பது இன்று புதிய விடயமன்று. புலம்பெயர்ந்த உறவினரும், பழைய மாணவர் சங்கங்களும், பங்கு மக்களும் நல்ல மனத்தோடு கொடுக்கின்றனர். கொடுக்கும்போது கணனி வேலை செய்கின்றதா, திரையில் வெடிப்பு இல்லையா என்று பார்க்கின்றார்கள். அது எவ்வளவு மின்சாரத்தை உண்ணும் என்று பார்ப்பவர் மிகச் சிலரே. மின்சாரம் எந்நேரமும் கிடைக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் விடலாம். ஒரு சிறிய சோலார் தட்டையும் ஒரு பற்றரியையும் நம்பி நான்கு வீடுகள் இருக்கும் இடத்தில் இதுவே முதற் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது எமது கருத்து.

மின்சாரத்தை எண்ணிச் செலவழிப்பது எமது மக்களுக்குப் புதிதன்று. 1990க்குப் பின்னர் வடக்கில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்டு, அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இன்று பல நாடுகளில் பொறியியலாளராகவும் வைத்தியராகவும் இருக்கின்றனர். பின்னர் 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, இந்தக் கணக்கை முழு நாடுமே படிக்க நேர்ந்தது. அன்று திரியைச் சுருக்கி எண்ணெயை மிச்சம் பிடித்தது போல, கணனியிலும் சுருக்கக்கூடிய ஒரு திரி உண்டு. அது பலருக்குத் தெரியாமல் உள்ளே இருக்கின்றது.

செயலி ஏன் மின்சாரத்தை உண்கின்றது?

மடிக்கணனியின் மூளை எனப்படும் செயலிக்குள் கோடிக்கணக்கான மிகச் சிறிய ஆளிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொரு முறை மாறும்போதும் சிறிதளவு மின்சக்தி செலவாகி வெப்பமாக வெளியேறுகின்றது. ஒரு செக்கனில் எத்தனை முறை மாறுகின்றன என்பதை மீடிறன் என்கிறோம். செலவாகும் வலு இந்த மீடிறனுக்கு நேர்விகித சமமாகவும், கொடுக்கப்படும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமாகவும் இருக்கும். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை இதனை இலகுவில் விளங்கிக்கொள்ளும்.

இதில் முக்கியமான விடயம் ஒன்று உண்டு. வேகத்தைக் குறைத்தால் அழுத்தத்தையும் குறைக்க முடியும். இரண்டையும் 100 இலிருந்து 80க்கு இறக்குவதாக வைத்துக்கொள்வோம். அழுத்தத்தின் வர்க்கம் 0.64, அதனை 0.8 ஆல் பெருக்க 0.512. அதாவது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் இவ்வகை வலு ஏறக்குறைய அரைவாசியாகின்றது. மறுபக்கமாகச் சொன்னால், கடைசி ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்காக நாம் இரட்டிப்பு விலை கொடுக்கின்றோம். பிள்ளை கட்டுரை எழுதவும் பாடப்புத்தகம் வாசிக்கவும் அந்தக் கடைசிப் பங்கு வேகம் தேவையில்லை.

ஒரு செயலியை எடுத்துப் பார்ப்போம். 2011இல் வந்த இன்டெல் கோர் ஐ5 2520எம் என்பது பாவித்த மடிக்கணனிகளிற் காணப்படும் ஒன்று. அதன் அடிப்படை வேகம் 2.5 கிகாஹேட்ஸ். வேலை கூடும்போது 'டேர்போ' என்னும் ஏற்பாட்டினால் அது 3.2 கிகாஹேட்ஸ் வரை தானாகவே பாயும். அது 35 வாற்று வலுவுக்கென வகுக்கப்பட்ட செயலி. பின்னர் வந்த 'யூ' வகைச் செயலிகள் பல 15 வாற்றுக்கென வகுக்கப்பட்டவை. ஆகவே கொடையாகக் கணனி தெரிவு செய்பவர் இந்த எண்ணையும் பார்த்தால், முதல் நாளிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இயந்திரத்தில் இருப்பது போன்ற ஒரு கவர்னர்

நீர் இறைக்கும் இயந்திரத்தில் கவர்னர் என்று ஒரு பகுதி இருப்பதை எமது விவசாயிகள் அறிவார்கள். பாரம் கூடினால் எண்ணெயைக் கூட்டியும், பாரம் குறைந்தால் எண்ணெயைக் குறைத்தும் அது ஓட்டத்தை ஒழுங்கு செய்கின்றது. கணனியிலும் அதே பெயரில் அதே வேலையைச் செய்யும் பகுதி உண்டு. அது இரும்பினால் ஆனதன்று, மென்பொருளால் ஆனது.

கணனியின் எல்லா மென்பொருள்களுக்கும் அடியில் நின்று, செயலியோடும் நினைவகத்தோடும் நேரடியாகக் கதைக்கும் பகுதியைக் கேர்னல் என்பர். தமிழில் கரு என்று சொல்லலாம். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கேர்னல், இன்று உலகெங்கும் பல்லாயிரம் பேரின் உழைப்பால் வளர்ந்து நிற்கின்றது. அதன் மூலவரிகளை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பாவிக்கலாம். 2025 ஒக்டோபர் 14உடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தமையால், வின்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணனிகள் பலவற்றுக்கு லினக்ஸ் ஒரு நல்ல புகலிடமாக இருக்கின்றது.

இந்தக் கேர்னலில் செயலியின் வேகத்தை ஆளும் கவர்னர்கள் பல உண்டு. 'பெர்போமன்ஸ்' என்பது எப்போதும் உயர் வேகத்தை நாடும். 'ஒன்டிமாண்ட்' என்பது வேலை வந்தால் ஏற்றி, ஓய்ந்தால் இறக்கும். 2016இல் கேர்னலின் 4.7ஆம் பதிப்போடு வந்த 'ஷெட்யூட்டில்', எந்த வேலை எவ்வளவு நேரம் ஓடுகின்றது என்ற கேர்னலின் சொந்தக் கணக்கைக் கொண்டே வேகத்தைத் தீர்மானிக்கும். 'பவர்சேவ்' என்ற பெயரில் மட்டும் கவனம் தேவை. பழைய முறையில் அது செயலியை ஆகக்குறைந்த வேகத்திலேயே பிடித்து வைக்கும். இன்டெல் செயலிகளுக்கென வந்த புதிய முறையிலோ அதே பெயருடையது வேலைக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கும். பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

கவர்னரைவிட எமக்குக் கூடிய பயன் தருபவை வேறு இரண்டு திருகுகள். ஒன்று, வேகத்துக்கு ஓர் உச்ச வரம்பு இடுவது. மற்றையது, டேர்போவை நிறுத்துவது. லினக்ஸ் கேர்னல் இவற்றைச் சிறு கோப்புகளாக வெளியே காட்டுகின்றது. உச்ச வேகத்துக்குரிய கோப்பில் 1600000 என்று எழுதினால், செயலி 1.6 கிகாஹேட்ஸுக்கு மேல் போகாது. 'டேர்போ வேண்டாம்' என்று பொருள்படும் பெயருள்ள கோப்பில் 1 என்று எழுதினால் டேர்போ நின்றுவிடும். இதற்கு நிர்வாகிக்குரிய கடவுச்சொல் வேண்டும். கணனியை அணைத்துப் போட்டால் இந்த எண்கள் மறைந்துவிடும். ஆதலால் ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது தானாகவே எழுதப்படும்படி ஒழுங்கு செய்துவிட வேண்டும். வின்டோஸ் பாவிப்போருக்கும் மின்வலு அமைப்புகளில் செயலியின் உச்ச நிலையை நூற்றுவீதத்திற் குறைக்கும் இடம் உண்டு. சில இயந்திரங்களில் அது மறைக்கப்பட்டிருக்கும்.

தூங்க விடுவதும் சிக்கனமே

செயலி வேலை செய்யும் நேரத்தைவிடச் சும்மா இருக்கும் நேரமே அதிகம். பிள்ளை ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்தில் செயலிக்குப் பெரிதாக வேலை இல்லை. அந்த இடைவெளியில் அது படிப்படியாக உறங்கும். முதற் படியில் மணிக்கூடு மாத்திரம் நிற்கும். ஆழ்ந்த படியில் அழுத்தமே ஏறக்குறைய அகற்றப்படும். ஆழ்ந்து உறங்கினாற்றான் மிச்சம் அதிகம். ஆனால் அடிக்கடி தட்டி எழுப்பினால் எவரும் ஆழ்ந்து உறங்க முடியாது.

முன்னைய லினக்ஸ் கேர்னல் இந்தத் தவறையே செய்தது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு செக்கனில் பல நூறு தடவை செயலியை எழுப்பி மணி பார்த்தது. தோமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மோல்னார் ஆகியோரின் உழைப்பினால் 2007இல் வந்த 2.6.21ஆம் பதிப்பில், வேலை இல்லாத போது இந்த மணியை அடிக்காமல் விடும் முறை சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் இன்டெல் வெளியிட்ட 'பவர்டொப்' என்னும் கருவி, எந்த மென்பொருள் செயலியை அடிக்கடி எழுப்புகின்றது என்பதைப் பட்டியலிட்டுக் காட்டியது. கேர்னல் உறங்கினாலும் மேலேயுள்ள மென்பொருள்கள் உறங்க விடவில்லை என்பது அப்போதுதான் பலருக்கும் வெளிச்சமாயிற்று. எழுதியவர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். எங்கே ஒழுகுகின்றது என்று காட்டும் ஒரு கருவி இருந்தால், அடைப்பதற்கு ஆட்கள் வருவார்கள். எமது குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் இது பொருந்தும்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

12 வோல்ற்று, 40 அம்பியர் மணி கொண்ட ஓர் ஈயஅமிலப் பற்றரியை எடுத்துக்கொள்வோம். அதில் 480 வாற்று மணிச் சக்தி இருக்கின்றது. பற்றரி நெடுங்காலம் உழைக்க வேண்டுமானால் அரைவாசிக்கு மேல் இறக்கக் கூடாது, எனவே 240. இன்வேட்டரில் பத்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால் மிஞ்சுவது 216 வாற்று மணி. கணனி 30 வாற்று உண்டால் 7 மணி 12 நிமிடம் ஓடும். 18 வாற்று உண்டால் 12 மணி நேரம் ஓடும். நான்கு பிள்ளைகள் பங்கிட்டுப் படித்தால், ஒருவருக்கு 1 மணி 48 நிமிடத்துக்குப் பதிலாக 3 மணி நேரம் கிடைக்கும். இது விளக்கத்துக்கான கணக்கு. இயந்திரத்துக்கு இயந்திரம் எண்கள் மாறும். ஆனால் செலவிற் குறையும் ஒவ்வொரு வாற்றும் ஒரு பிள்ளையின் படிப்பு நேரமாக மாறுகின்றது என்பது மாறாது.

இதில் மிகைப்படுத்தலுக்கு இடமில்லை. வேகத்தைக் குறைத்தால் அதே வேலைக்குக் கூடிய நேரம் எடுக்கும். அந்தக் கூடுதல் நேரத்தில் திரையும் நினைவகமும் தமக்குரிய மின்சாரத்தை உண்டுகொண்டேயிருக்கும். ஆகவே வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்குவது எல்லா வேளையும் இலாபமன்று. விரைவாக முடித்துவிட்டு உறங்குவதே சிக்கனம் என்று வாதிடும் வல்லுநர் இருக்கின்றனர். அவர்களது வாதத்திலும் நியாயம் உண்டு. டேர்போவை நிறுத்தி, வேகத்தை நடுத்தர மட்டத்தில் கட்டுப்படுத்துவதே எமக்குப் பொருத்தமான வழி. கூடவே திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதும், தேவையற்ற வேளையில் வயர்லெஸ் இணைப்பை நிறுத்துவதும் வேண்டும். எழுதுவது, வாசிப்பது போன்ற சிறு வேலைகளில் செயலி முன்னரே பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்பதால் மிச்சம் சொற்பமே. காணொளிப் பாடம் பார்க்கும்போதும், பல இணையப் பக்கங்களை ஒன்றாகத் திறந்து வைத்திருக்கும்போதுமே இந்த வரம்பின் பயன் தெரியும்.

எதிர்வாதங்கள்

'கேர்னல் தானாகவே நன்றாகச் செய்கின்றது. அதில் ஏன் கை வைக்க வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. கேர்னல் வேலையின் பாரத்தை அறியும். ஆனால் சுவருக்கு அப்பால் இருப்பது நாட்டின் மின்வழங்கலா, நான்கு வீட்டுக்குப் பொதுவான ஒரு பற்றரியா என்பதை அது அறியாது. அதனை அறிந்தவர் நீங்கள். எனவே வரம்பை நீங்களே இட வேண்டும்; அந்த வரம்புக்குள் வேலையைக் கேர்னல் பார்த்துக்கொள்ளும்.

'இன்னொரு சோலார் தட்டை வாங்கினால் போகாதா?' என்பது அடுத்த கேள்வி. வாங்க முடிந்தவர் வாங்கட்டும். தட்டுக்குப் பணம் வேண்டும். கோப்பில் ஓர் எண்ணை எழுதுவதற்குப் பணம் வேண்டியதில்லை. பணம் கேட்காததை முதலிற் செய்துவிட்டுப் பணம் கேட்பதைப் பின்னர் பார்ப்பது விவசாயக் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமன்று.

'காணி கிடைக்கவில்லை, கிணறு கிடைக்கவில்லை. கணனியின் மின்செலவைப் பற்றி எழுதுகின்றீர்களே!' என்று சிலர் மனம் வருந்தலாம். அந்த வருத்தம் நியாயமானது. காணிக்கான கோரிக்கையை ஒரு நாளும் பின்னுக்குத் தள்ளலாகாது. ஆயினும் காணி வரும்வரை பிள்ளையின் படிப்புக் காத்திருக்காது. மனுக்களும், உறுதிகளின் பிரதிகளும், படிவங்களும் இன்று கணனியிலேதான் எழுதப்பட்டும் சேமிக்கப்பட்டும் வருகின்றன. மாலை ஏழு மணிக்குப் பற்றரி இறங்கிவிட்டால் அந்த வேலையும் நின்றுவிடும்.

திருகு யார் கையில்?

அழுத்தத்தை மாத்திரம் தனியே குறைத்து, வேகத்தை அப்படியே வைத்திருக்கும் ஒரு வழியும் உண்டு. பலர் இதனைச் செய்து வெப்பத்தையும் செலவையும் குறைத்தனர். 2019 டிசெம்பரில் பேர்மிங்ஹாம், லூவன், கிராஸ் ஆகிய இடங்களின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் திருகில் ஓர் ஆபத்து இருப்பதைக் காட்டினர். அழுத்தத்தை வேண்டுமென்றே தாழ்த்திச் செயலியைத் தவறாகக் கணிக்கச் செய்து, பூட்டி வைத்த இரகசியங்களைக் களவாட முடியும் என்பதே அது. 'பிளண்டர்வோல்ட்' என்பது அதன் பெயர். இதனையடுத்து இன்டெல் திருத்தங்களை வெளியிட்டது; பல கணனி உற்பத்தியாளர் அந்தத் திருகையே பூட்டிவிட்டனர்.

களவைத் தடுக்கும் நோக்கம் சரியானதே. ஆனால் அந்த விசேட இரகசியப் பெட்டியை ஒரு நாளும் பாவிக்காத ஏழை மாணவனின் கணனியிலும் திருகு பூட்டப்பட்டது. உரிமையாளரைக் கேட்டுப் பூட்டுவது வேறு. கேளாமற் பூட்டுவது வேறு. இயந்திரத்தின் சொந்தக்காரர் அதன் செலவைக் குறைக்க விரும்பினால், அதற்கான வழி திறந்திருக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. தன் காணியின் மடையைத் தானே திறக்க முடியாமல் இருப்பது என்னவென்று எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே வேளை ஓர் எச்சரிக்கையும் அவசியம். பூட்டப்படாத பழைய கணனியிலும், பொதுப் பாவனைக்குரியதானால், அழுத்தத்தைத் தனியே குறைக்கும் முயற்சி வேண்டாம். சிறிது அதிகமாகக் குறைந்தாலும் கணனி திடீரென நின்று, எழுதிய வேலை அழிந்து போகலாம். உச்ச வேக வரம்பும் டேர்போ நிறுத்தமும் அப்படியானவையல்ல. பிழைத்தால் பழைய எண்ணை மீண்டும் எழுதினாற் போதும். செயலியை உறங்கவிடாமற் செய்யும் சில கட்டளைகளைப் 'பழுது தீர்க்கும் வழி' என்று சொல்லித் தருபவர்களும் உண்டு. அவை செலவைக் கூட்டும்.

நாம் செய்யக்கூடியவை

எமது நாட்டில் இதற்கு ஆளில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களையும் நிவாரணத்தையும் ஒழுங்கு செய்யவும் இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாக எழுதிய 'சஹானா' என்னும் திறந்தமூல மென்பொருள், பின்னர் பாகிஸ்தான், ஹெயிட்டி போன்ற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. குறைந்த மின்சாரத்திற் பிள்ளைகள் படிப்பதற்கென்றே கணனி செய்ய முடியும் என்பதையும் 2007இல் உற்பத்தியான 'எக்ஸ்ஓ' மடிக்கணனி காட்டியது. லினக்ஸில் ஓடிய அந்தக் கணனியின் செயலி உறங்கும்போதும் திரையில் எழுத்து நிற்கும், வெயிலிலும் வாசிக்கலாம். எனவே குறை அறிவில் இல்லை. அந்த அறிவு எமது முற்றத்துக்கு வந்து சேராமையே குறை.

மூன்று விடயங்களைப் பங்குகளுக்கும் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் முன்மொழிகின்றோம். முதலாவது, கொடையாக வரும் ஒவ்வொரு மடிக்கணனியையும் வழங்குமுன் டேர்போ நிறுத்தி, வேக வரம்பு இட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து வைக்க வேண்டும். செய்த மாற்றத்தையும் அதனை மீட்கும் வழியையும் ஒரு தாளில் தமிழில் எழுதி மூடியின் உள்ளே ஒட்ட வேண்டும். இரண்டாவது, செருகியில் மாட்டி வாற்றை அளக்கும் சிறு மானி ஒன்றைப் பங்கிற்கு ஒன்றாக வாங்கி வைக்க வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தால் பேச்சுக்கு வேலை இல்லை. அளக்கும்போது கணனியின் பற்றரி முழுதாக ஏறியிருக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு இளைஞராவது, அவர்களில் ஒருவர் பெண் பிள்ளையாக, இந்த வேலையைக் கற்றிருக்க வேண்டும். நிபுணர் வந்து செய்துவிட்டுப் போவதிலும் பார்க்க, எமது பிள்ளை செய்து பழகுவதே நிலைக்கும்.

ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேரின் பசி தீர்ந்த பின்னரும், மிஞ்சிய துண்டுகளை வீணாக்காமற் சேர்க்கும்படி ஆண்டவர் சொன்னதையும், அவை பன்னிரண்டு கூடைகள் நிறைந்ததையும் நாம் அறிவோம். நிறைவு இருந்த வேளையிலேயே சிதறியது சேர்க்கப்பட்டது. குறைவோடு வாழும் நாம் சிதறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நியாயமில்லை. அடுத்த தவணை தொடங்குமுன், உங்கள் ஊரில் இருக்கும் கணனிகளில் ஒன்றையாவது அளந்து பாருங்கள். எத்தனை வாற்று குறைந்தது, எத்தனை மணி நேரம் கூடியது என்பதை எழுதி வைத்து, அயற்கிராமத்துக்கும் சொல்லுங்கள்.